கடைசிச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. யாரையும் லேசில் நம்ப மாட்டேன். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போட்டுப் பார்க்காமல் உள்ளே எடுக்க மாட்டேன். பால்காரர் வாசலில் நிற்கும்போதே பாலில் விரலை விட்டுச் சொட்டுப் பார்ப்பேன். "நீ போலீசுக்குப் போயிருக்க வேண்டியவ" என்பார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதையும் பாதிதான் நம்புவேன். இதையெல்லாம் போன வருஷம் வரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்குச் சீன மொழி தெரியும். பரமத்தி வேலூர்க்காரிக்குச் சீனம் எங்கிருந்து வந்தது என்று கேட்காத ஆள் இல்லை. வீட்டுக்காரருக்குச் சீனாவில் ஒரு துணிச் சந்தை ஊரில், துணி வாங்கி அனுப்பும் கம்பெனியில் வேலை. எட்டு வருஷம் இருந்தோம். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் நானும் அதே ஆபீசில் சேர்ந்தேன். கடைக்காரர்களிடம் பேரம் பேசிப் பேசிப் பேச்சு வந்தது. செய்தி அனுப்பி அனுப்பித் தட்டச்சு வந்தது. பேனாவைக் கொடுத்துக் கையால் எழுதச் சொன்னால் இன்றைக்கும் இருபது எழுத்து தேறாது. கைபேசியைக் கொடுத்தால் மூச்சு விடாமல் எழுதுவேன்.

சீனத்தைத் தட்டுவது கேட்பதற்குத்தான் மலைப்பு. நம் ஆட்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள் இல்லையா, பாதி அதே வேலைதான். ஒலியைத் தட்டினால் விசைப்பலகைக்கு மேலே ஒரு வரிசைச் சீன எழுத்துகள் வந்து நிற்கும். வேண்டியதைத் தொட்டால் அது வரியில் போய் உட்காரும். பழகிவிட்டால் கண் பார்க்கும் முன்பே விரல் தொட்டுவிடும். அந்த வேகத்தில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது.

கொரோனாவில் ஊர் திரும்பி, குமாரபாளையத்தில் வீடு பார்த்துக் குடிவந்தபோது, இனி என் சீனத்தை உப்பு போட்டு ஊற வைக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்படி ஆகவில்லை. இங்கே ஒரு தறிப்பட்டறை முதலாளி சீனாவிலிருந்து எட்டுத் தறி இறக்கியிருந்தார். தறியோடு வந்த மெக்கானிக் ஒரு மாதம் தங்கி ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு தறி நின்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துச் சமாளித்துப் பார்த்து, ஒரு தறியை முக்கால்வாசி கழற்றிப்போட்ட பிறகு என்னைத் தேடி வந்தார்கள்.

ஏற்பாடு சுலபமானது. கைபேசியில் குறிப்பு எழுதும் செயலி ஒன்று. தறிக்கு ஒரு பக்கம். இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று நான் சீனத்தில் எழுதுவேன். பட்டறையின் ஃபிட்டர் அதற்குக் கீழே போட்டோ எடுத்துப் போடுவார். அங்கே மெக்கானிக் படித்துவிட்டுத் தனிச் செய்தியில் பதில் எழுதுவார், உதிரிப்பாகம் வேண்டுமென்றால் அனுப்புவார். முதலாளி, நான், ஃபிட்டர், மெக்கானிக், நாலு பேர் கைபேசியிலும் அந்தக் குறிப்பு திறக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே, யார் கடைசியாகக் கை வைத்தார்கள் என்று பெயரும் காட்டும்.

ஃபிட்டருக்கு ஐம்பது வயதிருக்கும். பாலத்துக்கு அக்கரையில் பவானியில் வீடு. அந்தப் பட்டறையில் இருபது வருஷமாக இருக்கிறார். தறி ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நான் வேலைக்குப் போன முதல் நாளே என் கைபேசியை எட்டிப் பார்த்து, "என்னுங்க அம்முணி இது, கோழி கீறுனாட்ட இருக்குது" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் மனசில் குறித்து வைத்துக்கொண்டேன். இருபது வருஷம் தன் காதை நம்பிய பட்டறை இப்போது ஒரு பெண்ணின் கைபேசியை நம்புகிறதே என்கிற எரிச்சல் அவருக்கு இல்லாமல் இருக்குமா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. அன்றிலிருந்தே அவர் பக்கத்தில் வந்தால் கைபேசியைச் சட்டென்று மூடிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது.

முதல் வம்பு நாலாம் மாதத்தில் வந்தது. எட்டாம் நம்பர் தறியில், நூலை இழுத்துப் போகும் நாடாவை ஓட்டுகிற சக்கரம் தேய்ந்துவிட்டது. நாடாவுக்கு இடப்பக்கம் ஒரு சக்கரம், வலப்பக்கம் ஒரு சக்கரம். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் மாட்ட முடியாது. இடப்பக்கச் சக்கரம் என்று எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் தறியை நிறுத்தி வைத்துக் காத்திருந்து பெட்டியைப் பிரித்தால், வலப்பக்கச் சக்கரம்.

"ஏனுங்க அம்மணி, இதுக்குத்தான் உங்களக் கூட்டியாந்தனா?" என்று முதலாளி பட்டறை நடுவில் நின்று கேட்டார். எனக்கு முகம் எரிந்தது. செயலியைத் திறந்தேன். சக்கரம் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்பதுவரை இருந்தது. எந்தப் பக்கம் என்பதை எப்போதும் கடைசியில்தான் எழுதுவேன். அந்தக் கடைசிச் சொல் இல்லை. துடைத்து எடுத்தது மாதிரி இல்லை. மேலே, கடைசியாகக் கை வைத்தவர் என்ற இடத்தில் ஃபிட்டரின் பெயர் இருந்தது.

"போட்டோ போட்டனுங்க. வேற ஒண்ணும் தொடலீங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து பழைய பக்கங்களையெல்லாம் தோண்ட ஆரம்பித்தேன். என் கணக்கு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்ததையும் செயலியில் இருந்ததையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். இன்னும் ஆறு இடத்தில் கடைசிச் சொல் இல்லை. ஆறிலும் ஃபிட்டர்தான் எனக்குப் பிறகு கை வைத்திருந்தார். அட கெரகமே, கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறதே என்று பல்லைக் கடித்தேன்.

அதன் பிறகு அவரைக் கண்காணிப்பதே என் பிழைப்பாகிவிட்டது. எழுதும்போது தூரத்தில் அவர் தலை தெரிந்தாலே செயலியை மூடிவிடுவேன். என்ன எழுதுகிறேன் என்று அவர் பார்க்கக் கூடாது. அவர் இல்லாதபோது நிதானமாக எழுதியவை அப்படியே இருந்தன. அவர் பக்கத்தில் வந்துபோன நாட்களில் எழுதியவைதான் வால் அறுந்து நின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இருந்தாலும் சாட்சியை இன்னும் கெட்டியாக்க, எழுதி முடித்ததும் திரையைப் படம் பிடித்துவைக்க ஆரம்பித்தேன். மறுநாள் ஒன்று சிக்கியது. படத்தில் கடைசிச் சொல் இருந்தது. செயலியில் இல்லை.

படத்தை முதலாளியிடம் காட்டினேன். தறி ஓட்டும் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குரலைக் குறைத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. "நான் எழுதுறேன், இவரு அழிக்கிறாரு. எனக்குக் கெட்ட பேர் வரணும்னு செய்யறாரு" என்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

ஃபிட்டர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அந்த எழுத்துல எது தலை எது காலுன்னே எனக்குத் தெரியாதுங்க. அதுல போயி எத அழிக்கறது?" என்றார்.

"தெரியாமத்தான் எப்பவும் கடைசிலயே அழிக்கிறீங்களா?" என்றேன். வாய்க்கு ருசியாக இருந்தது அந்தக் கேள்வி.

முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஃபிட்டரும் வேண்டும், நானும் வேண்டும். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு முட்டுச் சந்து வந்தால் போகிற இடம் ஒன்றுதான். "வெள்ளிக்கெழம கருப்பராயன் கோயலுக்கு ரெண்டு பேரும் வந்துருங்க. கப்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்ணீருங்க. அதுக்கப்பறம் சாமி பாத்துக்கட்டும்" என்றார். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால், பொய் சொன்னவர் யார் என்று ஒரு மண்டலத்துக்குள் சாமி காட்டிவிடும். நாற்பத்தெட்டு நாள். இந்தப் பேச்சைக் கேட்டுச் சீனாவிலிருந்து வந்தவள் நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. என்னிடம் படம் இருந்தது. சாமிக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

கோயில் ஆற்றோரம் இருக்கிறது. பட்டறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். நான் முதலில் அடித்தேன். "ஒரு சொல் விடாம முழுசா எழுதுனேன். சத்தியம்." கை சுடவே இல்லை, அவ்வளவு வேகமாக அடித்தேன். பிறகு அவர். கற்பூரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அது எனக்கு ஒரு மாதிரி பட்டது, மடியில் கனம் இல்லாதவன் ஏன் யோசிக்க வேண்டும் என்று. "ஒரு எழுத்தக்கூடத் தொடலீங்க சாமி" என்று சொல்லி மெதுவாகக் கையை வைத்து அணைத்தார்.

அடுத்த நாளிலிருந்து பட்டறையே எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தும்மல் வந்தால்கூட யாராவது திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் என்னைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தார்கள். என்னிடம் படம் இருந்ததே, அதனால். அவர் ஏணியில் ஏறினால் பேச்சு நிற்கும். டீயை வாங்கிக்கொண்டு தனியாகப் பட்டறைக்குப் பின்பக்கம் போய்க் குடித்தார். முன்பு அப்படி ஒதுங்கி நான் பார்த்ததில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் சரியான சக்கரம் வந்து சேர்ந்தது. எட்டாம் நம்பர் தறியில் அவர்தான் மாட்டினார். எல்லோரும் சுற்றி நின்றோம். மாட்டிவிட்டு, நாடா சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வலது கைச் சுட்டுவிரலால் தடவிக்கொண்டே, இடது கையால் பொத்தானைத் தொட்டுத் தொட்டுத் தறியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். நகர்த்தும்போது ஒரு தடவை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார். அந்த ஒரு தடவைதான். விரல் சக்கரத்துக்கும் நாடாவுக்கும் நடுவே போய்விட்டது.

ஐயோ என்று கத்தியது நான்தான். அவர் கத்தவில்லை. துண்டைச் சுற்றி, முதலாளியின் காரிலேயே சேலத்துக்கு, அஸ்தம்பட்டியில் கை ஆபரேஷன் செய்யும் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். சுட்டுவிரலில் மேல் கணு போய்விட்டது. மிச்சத்தைத் தைத்து அனுப்பினார்கள்.

"அழிச்ச வெரலையே எடுத்துக்கிச்சு பாத்தீங்களாக்கா சாமி" என்று ஒரு பெண் என் காதருகே வந்து சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் பவர்லூம் தெரு முழுக்க இதே பேச்சு. டீக்கடையில் முன்பின் தெரியாத ஆள் எனக்கு எழுந்து இடம் கொடுத்தார். ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, அது உண்மை. ஆனால் அதற்கு அடியில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது, நான் சொன்னது சரிதான் என்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஃபிட்டர் அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. முதலாளி அவர் பெயரைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார். இனிக் குறிப்பில் நாங்கள் மூன்று பேர் மட்டும். மூன்று வாரம் ஒரு வம்பும் இல்லை. யாரைப் பார்த்தும் கைபேசியை மூட வேண்டியிருக்கவில்லை, நிதானமாக எழுதினேன்.

ஒருநாள் மூன்றாம் நம்பர் தறியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது முதலாளி கூப்பிட்டார். மூடிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து திறந்தால் கடைசிச் சொல் இல்லை.

என் புத்தி எங்கே போனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மையை நோக்கிப் போகவில்லை. சீனாவில் இருக்கும் மெக்கானிக் மேல் போனது. தப்பான உதிரிப்பாகத்தை அனுப்பினால் இன்னொரு பாகமும் விற்குமே, அந்த ஆள் அங்கே உட்கார்ந்துகொண்டு அழிக்கிறாரோ? ஆனால் மேலே அவர் பெயர் இல்லை. முதலாளியோ? அவர் என் எதிரிலேயே நின்று பேசிக்கொண்டிருந்தார். கடைசியாகக் கை வைத்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மத்தியானம், வீட்டில் யாரும் இல்லை. சமையல் மேடை மேல் கைபேசியை வைத்து, புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, இடப்பக்கம் என்று எழுதி மூடினேன். திறந்தேன். பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடி எழுதி, படம் பிடித்து, மூடித் திறந்தேன். வெறுமை. படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்குக் கீழே முடி கனத்தில் ஒரு கோடு இருந்தது. முதலாளியிடம் காட்டினேனே, அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். அதிலும் கடைசிச் சொல்லுக்குக் கீழே அதே கோடு.

விஷயம் இவ்வளவுதான். தொட்டுத் தேர்ந்த எழுத்து வரியில் வந்து உட்கார்ந்தாலும், அடுத்த விசையைத் தட்டும்வரை அதன் கீழே அந்தக் கோடு நிற்கும். கோடு போகிறவரை அந்தச் செயலிக்கு அது எழுதப்பட்ட எழுத்தே இல்லை. எட்டு வருஷம் செய்தி அனுப்பிப் பழகிய கை என்னுடையது. அங்கே அனுப்பும் பொத்தான் கோட்டையும் சேர்த்து முடித்துவிடும். குறிப்பில் அனுப்பும் பொத்தான் ஏது? ஒரு இடைவெளி தட்டியிருந்தால் போதும். நிதானமாக எழுதிய நாளில் அதுவாகவே தட்டியிருக்கிறேன். அவர் தலையைக் கண்டு அவசரமாக மூடிய நாளிலெல்லாம் தட்டவில்லை. அழித்தது என் சந்தேகம்தான்.

மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு சொல் விடாமல் எழுதினேன் என்று கற்பூரம் அடித்தவள் நான்.

முதலாளியிடம் மறுநாளே காட்டினேன். அவர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "விட்டுருங்க அம்மணி. ஆனது ஆயிப்போச்சு. சாமி காரியத்துல மறுபேச்சு பேசக்கூடாது. வெளிய சொன்னா நீங்க பொய்ச்சத்தியம் பண்ணுனதா ஆயிரும்" என்றார். அதைக் கேட்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். நாலாம் நாள் முடியவில்லை. ஷிப்ட் மாறும் நேரம், எல்லோரும் கூடி நின்றபோது சொன்னேன். அவர் மேல் தப்பில்லை, அழிந்தது என் கையால் என்று. எழுதிக் காட்டினேன், மூடினேன், திறந்தேன். ஒவ்வொருவராகத் தறிக்குத் திரும்பினார்கள். என் காதில் வந்து சொன்னாளே, அந்தப் பெண் மட்டும் ஓரடி தள்ளி நின்றுகொண்டு, "மண்டலம் முடிய இன்னும் ஒம்பது நாள் இருக்குதுங்களேக்கா" என்றாள்.

அன்றைக்கே பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் "வாங்க" என்றார். ஃபிட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மொட்டை போட்டிருந்தார். வலது கையில் கட்டு.

நான் வாயைத் திறக்கும் முன் அவரே ஆரம்பித்துவிட்டார். "நானே வந்து உங்களப் பாக்கோணும்னு இருந்தனுங்க அம்முணி. ரோசன பண்ணிப் பாத்தேன். போட்டோ போடறப்ப என்ற வெரலு எங்கியாச்சும் பட்டிருக்கும். தெரியாமத்தான் பட்டிருக்கும். இல்லாட்டிச் சாமி எடுக்குமுங்களா? கோயல்ல போயி மொட்டையடிச்சுத் தப்புக் கேட்டுட்டு வந்துட்டேன். உங்ககிட்டத்தான் இன்னும் கேக்கல."

"அண்ணா, பேசாதீங்க. நீங்க தொடவே இல்லீங்கண்ணா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் பாவப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கிறார். "எனக்கோசரம் சொல்லாதீங்க" என்றார்.

அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கைபேசியைக் காட்டினேன். எழுதினேன், கோட்டைக் காட்டினேன், மூடினேன், திறந்தேன். அவர் குனிந்து பார்த்தார். "மறுக்காப் போடுங்க" என்றார். போட்டேன். போனது. "இன்னொருக்கா." அதுவும் போனது. பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் பேரில் ஒரு சொல் நிற்காது, முதலாளியையே கூட்டிவந்து வேலைக்குக் கூப்பிட வைக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவர் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

"அப்ப நெசமாலுமே நான் தொடலீங்க" என்றார்.

"இல்லீங்கண்ணா."

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, இடது கையால் அதை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணித்தான் வெரலு போச்சுன்னு மனசத் தேத்தி வெச்சிருந்தனுங்க அம்முணி. இப்ப வந்து, சும்மா போச்சுங்கறீங்க."